விழுவதற்குக் காசு கட்டிய செவ்வாய்க்கிழமை

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு நாங்கள் குடியிருக்கிற மோர்னிங்சைட்டிலிருந்து புறப்பட்டோம். நாங்கள் என்றால் நானும் என் சிநேகிதி மேரியும். இருவருக்கும் நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. போகிற இடம் அக்ஸ்பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு சின்னச் சறுக்கு மலை, ஐம்பது கிலோமீற்றர். போகிற காரியம் ஸ்னோபோர்ட், அதாவது இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிப் பனியில் சறுக்கப் பழகுவது. இதைக் கேட்டுச் சிரிக்காத ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

எனக்கு இது சிரிப்பான விசயம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் பஸ் தரிப்பிடத்தில் ஐஸில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். கை சுகமாகிவிட்டது, பயம் போகவில்லை. நவம்பர் பிறந்தால் வேலைக்கும் கடைக்கும் தவிர வெளியே கால் வைப்பதில்லை. வைத்தாலும் கணவரின் கையைப் பிடித்தபடிதான். வருடத்தில் ஐந்து மாதத்தை இப்படி வீட்டுக்குள்ளேயே கழித்துக் கிழவியாகிவிடுவேனோ என்று உண்மையாகவே கவலைப்பட்டேன்.

மேரிதான் சொன்னாள்: “விழுந்திடுவன், விழுந்திடுவன் எண்டு சாகிறாய். வா, காசு குடுத்தே போய் விழுவம்.”

திட்டம் போட்டது நான். சனி, ஞாயிறில் கூட்டமும் அதிகம், கட்டணமும் அதிகம். தூரத்துப் பெரிய மலை என்றால் ஹோட்டல் செலவு வேறு. கிட்ட உள்ள மலைக்குக் காலையில் போய்ப் பின்னேரம் திரும்பிவிடலாம். முதன்முதலாக வருகிறவர்களுக்கு ஒரு சலுகை இருந்தது: ஒரு மணிநேர வகுப்பு, பலகை, பூட்ஸ், தலைக்கவசம், பழகுகிற சரிவுக்கு ரிக்கெற், எல்லாம் சேர்த்து எண்பத்தைந்து டொலர். நனையாத காற்சட்டையும் கையுறையும் மட்டும் நாங்கள் கொண்டுபோக வேண்டும்.

மேரிக்கு அது போதவில்லை. கோயில் வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டுவிட்டாள். எங்கள் சனத்திடம் ஒரு சாமான் கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டார்கள், கேட்டது என்ன என்றும் பார்க்க மாட்டார்கள். ஞாயிறு பூசை முடிய அவளுடைய காரின் பின்பக்கம் நிறைந்துவிட்டது. நாலு காற்சட்டை, ஒற்றைக் கையுறைகள் ஒரு பை, கல்லுப் போலக் கனக்கிற இரண்டு சோடி பூட்ஸ்.

ஸ்ரௌவ்வில் என்ற ஊரைத் தாண்டியதும் வீடுகள் குறைந்து வெள்ளை வயல்கள் வந்தன. ஒன்பதேகாலுக்கு மலையடியில் நின்றோம். சாமான் கொடுக்கும் இடத்தில் மேரி பெருமையோடு பூட்ஸைத் தூக்கி மேசையில் வைத்தாள். அங்கே நின்ற பெண் மெல்லச் சிரித்து, அது ஸ்கீ பூட்ஸ், ஸ்னோபோர்டில் பூட்டவே முடியாது என்றாள்.

“இதைத் தந்த பிலோமினா அன்ரி எத்தினை வருசமா வச்சிருந்தவ! ஒருக்காலும் போட்டுப் பாக்கேல்லைப் போல,” என்றாள் மேரி. கொண்டுவந்த பூட்ஸை மீண்டும் காருக்குச் சுமந்தோம்.

பத்து மணிக்கு வகுப்பு. சொல்லித்தந்தவர் லின்டா, எங்கள் வயதுக்காரி. எடுத்த எடுப்பில் விழப் பழக்கினார். கையை ஊன்றக் கூடாது. விரல்களை மடக்கி, கைகளை நெஞ்சோடு வைத்து, முழங்காலை மடக்கி அப்படியே பின்னால் குந்தி இருந்துவிட வேண்டும். எல்லோரும் தொப்புத் தொப்பென்று இருந்தார்கள். நான் மட்டும் கம்பம் போல நின்றேன். மடக்க மடக்க விரல்கள் தாமாகவே விரிந்தன. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

பனிக்குள் கிடந்தபடி மேரி கத்தினாள்: “இரடி! சோபாவிலை இருக்கிற மாதிரி இரு!”

கண்ணை மூடிக்கொண்டு தொப்பென்று பனியில் குந்தி இருந்தேன். மணிக்கட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. லின்டா ஒன்றும் கேட்காமல், இன்னொரு தரம் என்றார்.

மதியம் காருக்குள் வைத்து வீட்டிலிருந்து கொண்டுவந்த மீன் ரோல்ஸ் சாப்பிட்டோம். உள்ளே சாப்பாட்டுக் கடையில் ஒரு பேர்கர் பதினெட்டு டொலர். பிறகு நகரும் பட்டியில் ஏறி நின்று மேலே போவதும், சறுக்குவதும், விழுவதுமாகப் பின்னேரம் போனது. கடைசித் தடவை, குதிக்காலில் பாரத்தைப் போட்டு, அடிவாரம் வரை நின்றபடியே வந்துவிட்டேன். நிறுத்தத் தெரியாததால் முடிவில் பனியில் குந்தி இருந்துவிட்டேன்.

“விழுந்திட்டியோ?” என்று மேலேயிருந்து மேரி கத்தினாள்.

“இல்லையடி, நானாத்தான் இருந்தனான்!”

மூன்றரைக்குப் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தபோது பனி கொட்டத் தொடங்கியிருந்தது. மேரி உள்ளே கோப்பி வாங்கப் போனாள். கணவர் கைபேசியில் அழைத்தார்.

“விழேல்லைத்தானே?”

“விழுந்தனான். எத்தினை தரமெண்டு எண்ணேல்லை.”

“கை?”

“கை நல்லாயிருக்கு.”

“ஸ்னோ கொட்டுது போல. உள்ளுக்குப் போய் நிண்டு கதையுமன்.”

சுற்றிவரப் பார்த்தேன். தோளெல்லாம் வெள்ளையாகியிருந்தது. பிடிக்க ஒரு கையும் பக்கத்தில் இல்லை.

“இல்லையப்பா,” என்றேன். “வெளியிலை நல்லாயிருக்கு.”