தராசு பாதி சொன்ன நாள்

போன வாரம் ஜோகூர் பாருவில் ஒரு கடையில் வெங்காயத்தைத் தராசில் வைத்தேன். கையை எடுப்பதற்குள் எடைச்சீட்டு வெளியே நாக்கை நீட்டிவிட்டது. இத்தனை சுறுசுறுப்பைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. பத்து பகாட் என்ற ஊரில் ஒரு சாயத் தொழிற்சாலையில் முதல் வேலை பார்த்தவனை விட்டுப் போகாத வியாதி அது.

சாயப் பொடி நிறுக்கும் தராசைக் கணினியோடு இணைப்பது அங்கே என் வேலை. எங்கள் கணினிக்கு ஒரு வேடிக்கையான கொள்கை உண்டு: வன்வட்டில் கிடக்கும் கோப்பும், கம்பியின் மறுமுனையில் இருக்கும் தராசும் அதற்கு ஒன்றுதான். 'ரீட்' என்ற ஒரே அழைப்பால் இரண்டையும் படித்துத் தரும்படி இயங்குதளத்திடம் கேட்கலாம். கோப்பில் எழுத்துகள் நமக்காகக் காத்துக் கிடக்கும். தராசிடம் நாம் காத்துக் கிடக்க வேண்டும். யாராவது எதையாவது வைக்கும்வரை நிரல் அசையாது.

"தம்பி, கம்ப்யூட்டர் செத்துப் போச்சா?" என்பார் சாயம் கலக்கும் சரோஜா அக்கா.

"இல்லக்கா, நீங்க வைக்கிறதுக்குத்தான் வெயிட் பண்ணுது."

"அலமாக்! என் வீட்டுக்காரர்கூட இப்படிக் காத்திருக்க மாட்டாரு!"

ஈரத் துணியும் வினிகரும் கலந்த தொழிற்சாலை நெடியோடு பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். அந்த நெடிக்கு நடுவில்தான் ஒருநாள் மேனேஜர் சீட்டும் கையுமாக வந்தார். பன்னிரண்டரை கிலோ என்று இருக்க வேண்டிய இடத்தில் கணினி இரண்டரை என்று அச்சடித்திருந்தது. மீதிப் பொடியை அக்கா வெளியே கொடுத்துவிட்டதாக அவரே முடிவுகட்டிவிட்டார்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது லா. நாளைலேர்ந்து நீங்க வர வேணாம்."

"நான் கொட்டினது எனக்குத் தெரியாதா சார்?" அக்காவின் குரல் உடைந்தது.

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க சார்" என்றேன். ரீட் ஒவ்வொரு முறையும் எத்தனை எழுத்து தருகிறது என்பதையும் திரையில் காட்டச் செய்து, அக்காவை மறுபடி மறுபடி நிறுக்கச் சொன்னேன். பிறகுதான் கூத்து தெரிந்தது. கோப்பு போலத் தராசு கேட்டதை மொத்தமாகத் தருவதில்லை. அதுவரை வந்து சேர்ந்தது எவ்வளவோ, அவ்வளவுதான். 12.5 என்பதில் முதல் இலக்கமான '1' மட்டும் முதலில் தனியாக வந்திருக்கிறது. அரைகுறை என்று நிரல் அதைத் தள்ளிவிட்டு, பின்னால் வந்த '2.5 கிலோ'வை முழு எடையாக எடுத்துக்கொண்டிருக்கிறது. வரி முடியும்வரை திரும்பத் திரும்பக் கேட்டுச் சேர்க்கும்படி நிரலை மாற்றினேன். பன்னிரண்டரை முழுசாக வந்து நின்றது. மேனேஜர் பழைய சீட்டைக் கிழித்துப் போட்டார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை.

அன்றிலிருந்து அக்கா தராசின் முகத்தைப் பார்த்து எடையை உரக்கச் சொல்வார். திரையைப் பார்த்து நான் அதையே திருப்பிச் சொன்னால்தான் பொடி தொட்டிக்குள் போகும். மேனேஜர் அறைவரை கேட்கட்டும் என்றே கத்துவார்.

அந்தத் தொழிற்சாலை மூடிப் பல காலமாகிறது. இப்போதைய தராசுகள் எடையைச் சத்தமில்லாமல் எங்கேயோ அனுப்பிவிடுகின்றன. சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் "பன்னண்டரை!" என்று யாராவது கத்தினால் பதில் கொடுக்க எனக்கு இன்னும் ஆசைதான். கத்தத்தான் ஆளில்லை.