இஸ்து பாக்காம உடமாட்டா

அமுதாக்கா, ஹெல்மெட்ட நீ லாக் பண்ணலன்னு மாமா ஊரு பூரா சொல்லிக்கினு கீறாரு. எனக்கு நம்பிக்க வரல. உன்ன தெரியாதவங்களும் இத படிப்பாங்க, அதனால மொதல்லருந்து சொல்றேன்.

எங்கக்கா அம்பத்தூர்ல, காருக்கு ஒயர் கட்டு செய்ற கம்பெனில வேல பாத்தா. பத்தாவதோட நின்னவ. ஆனா அந்த லைன்ல நின்னு நின்னு இங்கிலீஷ் வார்த்தைங்க வாயில ஒட்டிக்கிச்சு. எல்லாமே ஒண்ணோட ஒண்ண சேக்கற வார்த்தைங்க. ஒயர் முனைய பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள்ள உட்டா இன்சர்ட். கிளிக்குனு சத்தம் வந்தா லாக். ரெண்டு சாக்கெட்ட மூஞ்சியோட மூஞ்சி வெச்சு அமுக்குனா கனெக்ட். கட்டு கலையாம பட்டி மாட்டுனா கிளாம்ப். லாக் ஆனாலும் ஒயர லேசா இஸ்து பாக்கணும், கையோட வரலன்னாதான் அடுத்த ஒயர தொடணும். அங்க அதான் சட்டம்.

ஊட்டுக்கு வந்தாலும் அந்த கை சும்மா இருக்காது. என் சட்டைல பட்டன் போச்சுன்னா "குட்றா, அட்டாச் பண்ணி தரேன்"ம்பா. கேஸ் ரெகுலேட்டர மாட்டிட்டு ஒருவாட்டி இஸ்து பாப்பா. எங்கம்மாவுக்கு எரிச்சலா வரும். "ஏண்டி, கதவ மூடுன்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா? லாக்கு கீக்குன்ற?" "மூடறது வேற, லாக் பண்றது வேறம்மா. மூடுனத பூன கூட தொறந்துடும்." கல்யாணத்துல தாலி கட்டி முடிச்சதும், குனிஞ்ச தல நிமிராம கைய பின்னாடி கொண்டு போய் முடிச்ச இஸ்து பாத்தா. மண்டபமே சிரிச்சுது. "இன்னா மாப்ள, பாஸா ஃபெயிலா?"ன்னு எங்க சித்தப்பா கத்துனாரு.

அக்காவும் மாமாவும் திருநின்றவூர்ல குடித்தனம் போனாங்க. டெய்லி ட்ரெய்ன்லதான் வேலைக்கு வருவா. அன்னிக்கு ட்ரெய்ன உட்டுட்டான்னு மாமா பைக்ல ஏத்திக்கினு வந்தாரு. ஆவடி தாண்டி ஒரு வேன் குறுக்க வந்து பைக் சாஞ்சிடுச்சு. ஹெல்மெட் ஒரு பக்கம் உருண்டு போச்சு, அவ ஒரு பக்கம் கெடந்தா. மாமாவுக்கு முட்டில சிராய்ப்பு, அவ்ளோதான்.

ஆஸ்பத்திரி வாசல்ல அவர யாரும் ஒண்ணும் கேக்கல. அவராவே சொன்னாரு, "லாக் பண்ணுடின்னு சொன்னேன், கேக்கல." அப்பவே எனக்கு சுருக்குன்னுச்சு. கேக்காத கேள்விக்கு எதுக்கு பதிலு? காரியத்துக்கு வந்த சொந்தக்காரங்க வாயிலயும் அதே பேச்சுதான். "பாவம் அந்த பையன், சொல் பேச்சு கேக்காத பொண்டாட்டி." அத கூட தாங்கிக்குவேன். எங்கம்மா அவ படத்த பாத்து "திமிரு புடிச்சவளே, அத ஒண்ண மாட்ட கை வரலியாடி"ன்னு அழுதா பாருங்க, அதான் தாங்கல.

அவ துணிமணிய எடுத்தார திருநின்றவூர் போனேன். ஹெல்மெட் எங்கன்னு கேட்டேன். "அத தூக்கி போட்டாச்சுடா"ன்னாரு, என் மூஞ்சிய பாக்காம. சொல்லிட்டு தண்ணி எடுத்தார உள்ள போனாரு. கட்டிலுக்கு அடில இருந்த பெட்டிய வெளில எடுத்தேன். அதுக்கு பின்னாடி ஒரு அரிசி சாக்கு. சாக்குக்குள்ள ஹெல்மெட்.

லாக்கோட பல்லு ஒடஞ்சிருந்துச்சு. புதுசா ஒடஞ்சது இல்ல, ஒடஞ்ச எடத்துல அழுக்கு ஏறி கெடந்துச்சு. ஆனா தாடைக்கு கீழ வர்ற பட்டை ரெண்டையும் சேத்து முடிச்சு போட்டிருந்துச்சு. ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு முடிச்சு. நகத்த வெச்சு நோண்டிப் பாத்தேன், அவுக்க முடியல. பட்டை ஹெல்மெட்டோட சேர்ற எடத்துல ஆணிதான் பிச்சிகினு வந்திருந்துச்சு. லாக்கு நிக்கலன்னு அவ இஸ்து பாத்து தெரிஞ்சிக்கினு, தன் கையால கட்டிகினு ஏறியிருக்கா. அவ போட்ட முடிச்சு அப்டியேதான் கீது. கழண்டது கட சரக்கு.

தண்ணி சொம்போட மாமா வந்து நின்னாரு.

"வை மச்சான் அத."

"லாக்கு எப்ப ஒடஞ்சுது?"

"புதுசு வாங்கி தரேன்னு சொல்லிக்கினேதான்டா இருந்தேன். அவளும் கேட்டுக்கினே இருந்தா."

"அப்றம் ஏன் அவ மேல பழி போட்டீங்க?"

"எல்லாரும் என் மூஞ்சியவே பாத்தாங்கடா. வாயில வந்துச்சு, சொல்லிட்டேன்." அழுதாரு. அத்தகிட்ட நானே வந்து உண்மைய சொல்றேன்னாரு. அது நெசமான அழுகையா, மாட்டிக்கினதுக்கு வந்த அழுகையா, எனக்கு இன்னும் புரியல. இன்னி வரைக்கும் அவரு வரல. தூக்கி போடவேண்டியத ஏன் ஒளிச்சி வெச்சாருன்னும் யோசிச்சிகினே கீறேன்.

ஹெல்மெட்ட நானே அம்மா மடில கொண்டாந்து வெச்சேன். அந்த முடிச்ச பாத்ததும், "எம்பொண்ண போய் திட்டிட்டேனே"ன்னு நெஞ்சுல அடிச்சிக்கினா.

இத படிக்கறவங்க, கோயிலுக்கு போறவங்களோ சர்ச்சுக்கு போறவங்களோ தர்காவுக்கு போறவங்களோ, அடுத்தவாட்டி போறப்ப எங்கக்காவுக்காக கொஞ்ச நேரம் நின்னு வேண்டிக்குங்க. பாவம் அஜாக்கிரதையா போய் சேந்தவன்னு வேண்டாதீங்க. அமுதான்னு பேர சொல்லி வேண்டிக்குங்க.