மகிழடிச் சத்தியமும் என் தலையும்

ஆட்டோக்காரனை நம்பி யாரும் ஏறுவதில்லை. பஸ் வராததால் ஏறுகிறார்கள். நாமும் அவர்களை நம்பி ஏற்றுவதில்லை. ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு, விடிந்ததும் திருவொற்றியூர் கோயிலுக்கு ஒரு சவாரி அடித்துவிட்டுப் படுக்கப் போகும் தோஸ்துகளுக்கு நான் சொல்வது புரியும்.

பெரிய பை

கொருக்குப்பேட்டையில் ஒரு புருஷனும் பெண்சாதியும் ஏறினார்கள். அவன் தாஸ், லாரி டிரைவர். அவள் செல்வி. மடியில் துணி அடைத்த பெரிய பை. கோயிலுக்குத் தேங்காய்ப் பை போதாதா? கண்ணாடியில் நான் பார்ப்பதை அவளும் பார்த்துவிட்டாள். லோடு ஏற்றிப் போகிறவன் சொல்லாமல் கொள்ளாமல் மாதக்கணக்கில் காணாமல் போகிறானாம். திரும்பி வரும்போது சட்டையில் வேறு சோப்பு வாசனையாம்.

"இனிமே வுட்டுட்டுப் போவமாட்டேன்னு மகிழ மரத்தாண்ட சத்தியம் பண்ணட்டும், வூட்டுக்குத் திரும்புறேன். இல்லாங்காட்டி இப்டியே காத்திவாக்கம், எங்கம்மா வூட்டுக்கு. நீ ஓட்டுண்ணா!"

பூக்கடை வாசலில்

அந்த மரத்தின் கதை நமக்குத் தெரிந்ததுதான். சுந்தரர் தான் கட்டிக்கொள்ளப் போகும் சங்கிலியாரிடம், உன்னைப் பிரியமாட்டேன் என்று சன்னதியில் சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் தன்னைக் கட்டாமல் இருக்க, அந்த நேரம் நீ சன்னதியை விட்டு மகிழ மரத்துக்குப் போய்விடு என்று சாமியிடமே ஏற்பாடு. சாமியும் சரி என்றுவிட்டு, மரத்தடியிலேயே சத்தியம் கேள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிக் கொடுத்துவிட்டார். சத்தியத்தை மீறிய சுந்தரருக்குக் கண் போயிற்று.

செல்வி பூ வாங்க இறங்கியதும் தாஸ் என் காதருகே வந்தான். அவனுக்கும் கதை தெரிந்திருந்தது.

"தல, எது மகிழ மரம்னு கேட்டா வேற ஏதனா மரத்தைக் காட்டு. எனுக்கு லைசன்ஸ் ரினிவல் பண்ண கண்ணு வேணும்!"

சாட்சி

சாட்சிக்கு வா என்று செல்வி என்னையும் உள்ளே கூப்பிட்டாள். அவன் செருப்பு விடப் போன நேரத்தில், "அவரு உன்கிட்ட இன்னாண்ணா சொன்னாரு?" என்றாள். என்னிடம் சத்தியம் கேட்க வீட்டில் யாரும் இல்லை. அந்த வயிற்றெரிச்சலோ என்னவோ, சொல்லிவிட்டேன். சாமி செய்த அதே வேலைதான். சாமிக்குக் கோயில் கட்டினார்கள்.

மகிழ மரத்தைக் காட்டினேன். அவள் மரத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், கடைசியில் என்னையும் அதே சந்தேகத்தோடு பார்த்தாள்.

"மரம் வாணாம். உங்க ரெண்டு பேருல யாரு காட்டுற மரத்தை நம்புறது? இந்த ஆட்டோ அண்ணன் தலைல அடிச்சு சத்தியம் பண்ணு."

"உன் தலைல பண்றேன்மே."

"நான் செத்தா உனுக்கு லாபம். ஒரு பாவமும் பண்ணாத மனுசன் செத்தாதான் அந்தப் பாவம் உன்னைச் சும்மா வுடாது."

நான் தலையை இழுப்பதற்குள் பட்டென்று அடி விழுந்தது. வுட்டுட்டுப் போவமாட்டேன் என்று உரக்கச் சொன்னான். செல்வி பையை அவன் தோளில் மாட்டினாள். திரும்ப கொருக்குப்பேட்டை. இறங்கும்போது தாஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு உருக்கமாகச் சொன்னான்:

"தல, உடம்பைப் பாத்துக்கோ!"

அன்றிலிருந்து எனக்கு லேசாகத் தலை சுற்றினாலும் டாக்டரிடம் போவதில்லை; தாஸ் ஊரில் இருக்கிறானா என்று லாரி ஷெட்டில் விசாரிக்கத்தான் போகிறேன்.