மாஸ்டர் எனக்காகச் சொன்ன பதில்

ஒன்பது வயதில் வந்த காய்ச்சலோடு என் காது போனது. பேச்சு போகவில்லை. ஆனால் என் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று எனக்கே தெரியாததால், வெளியாட்களிடம் வாயைத் திறக்காமலே பழகிவிட்டேன். தி. நகரில் ஜாக்கெட் தைக்கிற கடை ஒன்றில் பதினோரு வருடமாக வேலை. வெட்டுவதும் தைப்பதும் நான். வருகிறவர்களிடம் பேசுவது கடைக்காரர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பதில் நான் கெட்டிக்காரி. மாஸ்டரிடம் மட்டும் அது பலிக்காது. அடர்ந்த மீசை, போதாக்குறைக்கு உதட்டிடுக்கில் எப்போதும் நாலு குண்டூசி. யாராவது ஜாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தால், 'அக்குளில் துண்டுத்துணி வை' என்று சீட்டு எழுதித் தருவார். இவ்வளவு நேரம் அவர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்டால், ஒன்றுமில்லை என்று கையை வீசுவார்.

போன வருடம், அடையாறிலிருக்கும் அக்கா என் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். பேசுவதைக் கேட்டு உடனுக்குடன் தமிழில் எழுதிக் காட்டும் செயற்கை நுண்ணறிவு. அசோக் நகர் பஸ்ஸில் போனை மடியில் வைத்துக்கொண்டு ஊர்க்கதையெல்லாம் படித்தேன். பின்சீட்டில் இரண்டு பெண்கள் மூன்று ஸ்டாப்பிங் தூரம் ரசப்பொடியைப் பற்றியே பேசினார்கள். மனிதர்கள் ஏதோ முக்கியமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

மாஸ்டரின் பேச்சுதான் அதற்குச் சரியாகப் பிடிபடவில்லை. அவர் "துணி உள்ள கீது" என்றால், 'துணி உள்ள கீதை' என்று எழுதும். நானே திருத்திப் படித்துக்கொள்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு அம்மா வந்து பட்டு ஜாக்கெட் ஒன்றை மேசைமேல் போட்டார். மகள் கல்யாணத்துக்குத் தைத்தது. நூல் டப்பாவில் சாய்ந்து நின்ற போனில் எழுத்து ஓடியது.

"கையத் தூக்கவே முடியல. மேடையில நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். யாரு வெட்டினது?"

வெட்டியது நான். எழுந்திருக்கப் போனேன். அதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது.

"நான்தாம்மா வெட்னேன். வயசாவுதுல்ல, கண்ணு செரியா தெரில. தப்பு என்னுதுதான்."

அந்த அம்மா போனதும் வழக்கமான சீட்டு வந்தது. நான் போனை அவர் பக்கம் திருப்பினேன். படித்துவிட்டுப் போனை மறுபடி என் பக்கம் திருப்பிவைத்து, குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தார்.

"எத்தனை தடவை இப்படிச் சொல்லியிருக்கீங்க மாஸ்டர்?"

"அத்த இன்னாத்துக்கு இப்ப கேக்குற? அவங்க கத்துவாங்க. உனுக்கு ஒண்ணும் புரியாது, முழிச்சிகினு நிப்ப. அத்த என்னால பாக்க முடியாது."

எனக்குக் கோபம் வந்தது.

"ஒரே தப்பை இத்தனை வருஷமா செஞ்சிருக்கேனே. சொல்லியிருந்தா திருத்தியிருப்பேன்."

அவர் குண்டூசிகளை மேசைமேல் வைத்தார். பிறகு, "அது செரிதான்," என்றார்.

திங்கட்கிழமை அந்த அம்மா வந்தபோது, இன்னும் துண்டு வைக்காத ஜாக்கெட்டோடு நானே எழுந்து போனேன். "இதை வெட்டினது நான்தான். எங்க பிடிக்குதுன்னு சொல்லுங்க," என்றேன். என் குரல் கடைக்கு வெளியேயும் கேட்டிருக்க வேண்டும். தெருவில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா மாஸ்டரைப் பார்த்தார், போனைப் பார்த்தார், பிறகு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்து கையைத் தூக்கிக் காட்டினார்.

"தூக்கினா ஜாக்கெட்டே மேல ஏறுது, பாரும்மா."

அப்போதுதான் விளங்கியது. கையைப் பொருத்தும் கைக்குழியை நான் அளவுக்கு மீறி ஆழமாக வெட்டுகிறேன்; அதனால்தான் கையோடு ஜாக்கெட்டும் ஏறுகிறது. மறுநாள் முதல் அரை இஞ்ச் குறைத்தேன். துண்டு வைக்கும் வேலை ஏறக்குறைய நின்றுபோனது.

இப்போது குறைகளை நானே கேட்கிறேன். சிலர் போனைப் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிறார்கள்; சிலர் குழந்தைக்குச் சொல்வதுபோல் இழுத்துப் பேசுகிறார்கள். அந்த அம்மா தீபாவளிக்கு இரண்டு துணி கொண்டுவந்தார். வீட்டில் தெலுங்குதானாம். "இது தெலுங்கும் எழுதுமா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இருவருமாகத் தேடி மொழியை மாற்றினோம். அவர் ஏதோ பேசினார்; திரை முழுக்கத் தெலுங்கு எழுத்து.

"சரியா எழுதியிருக்கா?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? எனக்குப் பேசத்தான் வரும், படிக்க வராது," என்றார்.