என் பஸ்ஸில் ஜோதி மாட்டிய முப்பத்தைந்து வால்கள்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. ஆனால் வடக்குப்பட்டுப் பாண்டுரங்கன் என்று சொன்னால் இன்று ஒரகடத்தில் பாதிக் கம்பெனிகளின் கேட்டில் வாட்ச்மேன் எழுந்து நிற்பான். கிளீனராக ஏறினேன், டிரைவரானேன், இப்போது ஏழு பஸ்ஸுக்கு ஓனர். ஏழும் கம்பெனி ஆட்களை ஷிப்டுக்கு ஏற்றிப் போகிற வண்டிகள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆனாலும் இந்தக் கதை ஜோதியுடையது. அவள் இத்தாலி பாஷை கற்றது என்னுடைய மூன்றாம் நம்பர் வண்டியில் என்பதால் எனக்கும் இதில் பங்கு உண்டு.

ஜோதிக்கு வல்லக்கோட்டை. வயது முப்பத்தெட்டு. வீட்டுக்காரர் சுபாஷ் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஜோதி தகடு அழுத்தும் மெஷினில் பன்னிரண்டு வருஷமாக நிற்கிறாள். அந்த மெஷினில் ஒரு பாகம் செய்து முடித்து அடுத்த பாகத்துக்குப் போகும்போது அச்சைக் கழற்றி வேறு அச்சு மாட்ட வேண்டும். மற்றவர்களுக்கு அது அரை மணி நேர வேலை. அவளுக்கு ஒன்பது நிமிஷம். மெஷின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்கிறது என்று சொல்லிவிடுவாள்.

சொல்லியும் பிரயோஜனமில்லாமல் போனது ஒரு தடவை. மெஷினைச் சரிபார்க்க இத்தாலியிலிருந்து ஒரு பிட்டர் வந்திருந்தார். அவருக்கு இங்கிலீஷும் அரைகுறை. பின்பக்கம் ஏதோ உரசுகிறது என்று ஜோதி சொன்னாள். நடுவில் நின்று மொழிபெயர்த்த ஆபீஸ்காரர் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளாமல், எல்லாம் நன்றாக இருக்கிறதாம் என்று சுருக்கிவிட்டார். மூன்றாம் நாள் மெஷின் நின்றது. ரிப்போர்ட்டில் ஆபரேட்டர் கவனக்குறைவு என்று எழுதினார்கள். ஆபரேட்டர் என்றால் ஜோதி.

அதனால்தான், புது மெஷின் வரப்போகிறது, இங்கிருந்து ஒரு ஆளை நான்கு மாதம் இத்தாலிக்கு அனுப்பிப் பழக்குவோம், ஆனால் அந்தப் பாஷையில் தேர்வு வைப்போம் என்று கம்பெனி அறிவித்ததும் முதல் பெயரைக் கொடுத்தது அவள். அடுத்த பெயர் நிலவன். டிப்ளமோ படித்தவன், இருபத்தாறு வயது, அதே பஸ், அவளுக்கு இரண்டு சீட் பின்னால். மூன்று மாதம் மொபைலில் வகுப்பு. கடைசியில் ஒருவருக்குத்தான் டிக்கெட்.

முதல் மாதம் ஜோதிக்கு ஒன்றும் ஏறவில்லை. இத்தாலிக்காரன் ஒரு சொல்லை விட்ட இடத்தில் விட்டுவைக்க மாட்டானாம். வேலை செய்வதற்கு அவன் ‘லவோராரே’ என்கிறான். நான் செய்கிறேன் என்றால் ‘லவோரோ’. நாம் என்றால் ‘லவோரியாமோ’. முன்னெல்லாம் செய்துகொண்டிருந்தேன் என்றால் ‘லவோராவோ’. நாளைக்குச் செய்வேன் என்பதற்கு ஒன்று, முடிந்தால் செய்வேன் என்பதற்கு ஒன்று, அவன் செய்தால் தேவலை என்று நினைப்பதற்கு ஒன்று, செய் என்று அதட்டுவதற்கு ஒன்று. கேட்டதும் எனக்கே தலை சுற்றியது. நான் நாலு மாநிலத்தில் லாரி ஓட்டி நாலு பாஷை பேசியவன்.

ஒரு நாள் காலை ஐந்தே காலுக்கு வண்டி ஏறியவள் நேராக என்னிடம் வந்தாள். வாரத்துக்கு ஒரு தடவை எந்த வண்டியிலாவது நானே போய்ப் பார்ப்பேன். உட்கார்ந்த இடத்திலிருந்து தொழில் செய்கிற ஆள் இல்லை நான்.

“பெரிப்பா, பழைய சீட் பலகை ஒண்ணு கீதா?”

எதற்கு என்றேன். சொல்லின் தலை மாறவே மாறாதாம், வால் மட்டும்தான் மாறுகிறதாம். அச்சைக் கழற்றி அச்சு மாட்டுகிற அதே வேலைதான் என்று அவளுக்கு அன்றைக்கு விளங்கியிருக்கிறது. கம்பெனியில் ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் ஒரு பலகை உண்டு. ஒவ்வொன்றின் உருவத்தையும் பெயிண்டில் வரைந்து, அதன்மேல் கொக்கியில் தொங்கவிடுவார்கள். ஒன்று குறைந்தாலும் வெறும் உருவம் பல்லைக் காட்டும். அந்த மாதிரி ஒன்று வாலுக்குச் செய்யப்போகிறேன் என்றாள்.

கொடுத்தேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நானே ஸ்குரூ அடித்து மாட்டினேன். குறுக்கே ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு கொக்கி: நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள். அலுமினியக் கழிவில் தகடு வெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு வாலை எழுதினாள். முப்பத்தாறு கொக்கிக்கு முப்பத்தைந்து வால்தான். கட்டளை போடுகிற வரிசையில் ‘நான்’ கிடையாதாம். தனக்குத்தானே கட்டளை போட்டுக்கொள்கிறவன் இல்லை என்று இத்தாலிக்காரன் முடிவு கட்டிவிட்டான். அவன் என்னைப் பார்த்ததில்லை. நான் பிழைத்ததே எனக்கு நானே போட்ட கட்டளையில்தான். இதைச் சொன்னதும் ஜோதி சிரித்து, அந்தக் காலிக் கொக்கி உங்களுக்கு என்றாள்.

எங்கள் டிரைவர் மாசானம் திருநெல்வேலிப் பக்கம். அவன் முதலில் முகத்தைச் சுளித்தான். “யக்கா, இது பஸ்ஸா, பள்ளிக்கூடமா? சொல்லிருங்க, நான் யூனிபார்ம் போட்டுட்டு வாரேன்.” மறு வாரமே அவனுக்கும் ஒரு வால் கிடைத்தது. கம்பெனி பஸ்ஸில் யார் சீட் யாருக்கு என்பது கல்வெட்டு மாதிரி, மாறாது. அதனால் ஜோதி ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு தகடு பிரித்துக் கொடுத்துவிட்டாள். காலையில் ஏறுகிறவன் தன் தகட்டைக் கொக்கியில் மாட்டி வாலைச் சொல்லிவிட்டுத்தான் தூங்கப் போக வேண்டும். இறங்கும்போது கழற்றிப் பலகையில் தொங்குகிற பையில் போட வேண்டும். மூன்றாவது சீட் முனிரத்தினம் வாயில் இட்லியோடு ‘இயாமோ’ என்பார். நிலவனுக்குக் கிடைத்தது இருப்பதிலேயே நீளமானது, ‘அவர்கள் முடிந்தால் செய்வார்கள்’ என்பதற்கான ‘எரெப்பெரோ’. போட்டிக்காரனுக்குக் கஷ்டமானதைத் தள்ளிவிட்டாய் என்று வண்டியே கிண்டல் செய்தது.

தேர்வுக்கு எட்டு நாள் இருக்கும்போது மூன்றாம் நம்பர் வண்டியை எஃப்.சி. சோதனைக்கு விட்டேன். இரண்டு நாள் மாற்று வண்டி. என் வண்டி எஃப்.சி. முடிந்து வந்தால் கல்யாணப் பெண் மாதிரி இருக்க வேண்டும், அதில் நான் பிடிவாதம். ஸ்ரீபெரும்புதூர் ஷெட்டில் பெயிண்டரிடம், உள்ளே ஒரு விரல் இடம் விடாமல் அடி என்று சொல்லிவிட்டு வந்தேன். தகடுப் பையும் பலகைமேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் நல்ல வேலைக்காரன். தகடுகளையெல்லாம் அழகாக மாட்டிவைத்து, பலகை, கொக்கி, வால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆகாச நீலம் அடித்துவிட்டான்.

வண்டி திரும்பி வந்த அன்று காலை நானும் அதில் போனேன். ஏறியவர்கள் ஒவ்வொருவராக அங்கேயே நின்றுவிட்டார்கள். ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. ஜோதி பலகையைத் தடவிப் பார்த்தாள். நோட்டில் எல்லாம் இருக்கிறது, ஆனால் மண்டையில் ஏறியது பலகைதான் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் திட்டவில்லை.

அறுபத்துநாலு வயதுக்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அவசியம் வந்ததில்லை. அன்றைக்குப் பாண்டுரங்கா, எழுந்திரு என்று எனக்கு நானே சொன்னேன். எழுந்து, ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தப்பு என் மேல்தான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அப்போது முனிரத்தினம், “இயாமோ, என்னுது நாலாவது கொக்கி, முதல் வரிசை” என்றார். யாரும் கேட்காமலே சொன்னார். அடுத்த சீட் சுகப்பிரியா தன்னுடையதைச் சொன்னாள். மாசானம் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். ஜோதி கீசெயினிலிருந்த சாவி முனையால் நீலத்தின்மேல் கீறிக்கொண்டே வந்தாள். சீட் சீட்டாக வந்து நிலவனிடம் நின்றது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். அவன் ஏன் சொல்ல வேண்டும் என்று எனக்கே தோன்றியது. எல்லோரும் அவனையே பார்த்தோம்.

“எரெப்பெரோ” என்றான் கடைசியில். “இன்னாக்கா பாக்குற? என்னைத் தோக்கடிக்கணும்னா நீ தோக்கடி. பெயிண்டர் வந்து தோக்கடிக்கக் கூடாது.”

வண்டி கம்பெனி கேட்டைத் தொடும் முன் முப்பத்தைந்தும் பலகைக்கு வந்துவிட்டது.

தேர்வு வியாழக்கிழமை. திரும்பும் வண்டியில் ஜோதி ஏறினாள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உட்காராமல் என் பக்கத்தில் நின்றே சொன்னாள்.

“ஏசி ரூமு, டிவியில கேள்வி கேக்குற இத்தாலிக்காரரு. மொதல் கேள்வி கேட்டதும் மண்டை காலி பெரிப்பா. நீங்க பெயிண்ட் அடிச்ச பலகை மாதிரி. கண்ணை மூடினேன். பஸ்ஸு வந்துச்சு. முனிரத்தினம் அண்ணன் டிபன் பாக்ஸைத் தொறந்துகினு கீறாரு, பின்னால நிலவன் மூஞ்சியத் தூக்கி வச்சினு கீறான். யார் வால் வேணுமோ அவங்க மூஞ்சியப் பாத்து எடுத்து மாட்டினேன். கடைசியா மெஷின் சத்தத்தைப் பத்திக் கேட்டாரு. அதுக்குக் கண்ணை மூடவே இல்ல.”

சனிக்கிழமை லிஸ்ட் போட்டார்கள். ஜோதி. நிலவனுக்கு நாலு மார்க் குறைவு. அவன்தான் வண்டிக்கு முழுக்க லட்டு வாங்கி வந்தான், அடுத்த தடவை தன் சொந்தச் செலவில் பெயிண்டரைக் கூட்டி வருவதாகவும் சொன்னான்.

நாலு மாதம் போய் வந்தாள். போன மாதம் புது மெஷின் இறங்கியது, கூடவே பழைய அதே பிட்டரும் வந்தார். இரண்டாம் நாள் ஜோதி கையைத் தூக்கி மெஷினை நிறுத்தச் சொல்லி, பின்பக்கம் உரசுகிறது என்று அவர் பாஷையிலேயே அவரிடம் சொன்னாளாம். அவர் படுத்து, விளக்கடித்துப் பார்த்து, எழுந்து கைகுலுக்கினாராம். மொழிபெயர்க்கிற ஆபீஸ்காரர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ சொல்லியிருக்கிறார். உருப்படியான வேலை.

அன்று மாலை அந்த பிட்டர் எங்கள் பஸ்ஸில் ஏறினார், பலகையைப் பார்க்க வேண்டும் என்று. நீலத்தில் கீறிய எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். காலிக் கொக்கியில் விரல் நின்றது. ஜோதி ஏதோ சொல்லி என்னைக் காட்டினாள். மனுஷன் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்து, தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார்.

ஐந்தாம் வகுப்பு. கிளீனர். ஏழு பஸ். நானும் கொஞ்சம் தலையாட்டினேன், அதற்குமேல் வேண்டாம் என்று.

“மாசானம், வண்டிய எடு” என்றேன்.