நாயகனின் முதுகு

ஸ்டூடியோவில் எல்லோரும் அவரை 'முதுகு' என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய நடிகருக்கு இருந்த அதே உயரம், அதே தோள், அதே பின்னங்கழுத்து. முகம் மட்டும் வேறு. மாடியிலிருந்து குதிப்பதும் ஓடும் லாரியில் தொங்குவதும் இவர். எழுந்து தலையை நிமிர்த்திச் சிரிப்பது நடிகர்.

அதற்கு முன் கட்டடங்களுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். சாரத்தில் நின்றவரைக் கீழேயிருந்து பார்த்த சண்டைப் பயிற்சியாளர் ஒருவர், நடிகர்தான் என்று நினைத்து வணக்கம் வைத்துவிட்டார். இவர் திரும்பியதும் அசடு வழிந்தாலும், ஆளை விடவில்லை. மறுநாளே வேலை கிடைத்தது.

ஆரம்பத்தில் நடிகர் நல்லவராகத்தான் இருந்தார். இவர் உள்ளங்கையில் குத்திய கண்ணாடிச் சில்லைத் தன் கையாலேயே எடுத்துவிட்ட நாளும் உண்டு. இவரும் அவரை வாய் நிறைய அண்ணே என்றுதான் அழைப்பார். தானே டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் மனிதர் மாறினார். யார் எவ்வளவு செய்தாலும் திருப்தி கிடையாது.

அவர் இயக்கிய மூன்றாவது படத்தில், இரண்டாம் மாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு குதிக்கும் காட்சி. மூன்று தடவை குதித்தாயிற்று. பயிற்சியாளர் போதும் என்றார். டைரக்டருக்குப் போதவில்லை. இவன் பழக்கதோஷத்தில் விழுகிறான், வலியே தெரியவில்லை என்றார். கீழே மூன்று மெத்தைகள் போட்டிருந்தார்கள். நான்காவது தடவை இவர் குதித்தபோது ஒன்றுதான் இருந்தது.

இடுப்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. டைரக்டர் உடனே கட் சொல்லவில்லை. இவர் துடித்து அடங்கும்வரை கேமரா ஓடியது.

மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது வலது கால் ஓர் அங்குலம் குட்டையாகியிருந்தது. படம் அதற்குள் ஓடி முடிந்திருந்தது. தானே குதித்து இடுப்பில் அடிபட்டதாக நடிகர் பேட்டி கொடுத்திருந்தார். பத்திரிகைப் படத்தில் கையில் ஊன்றுகோல் வேறு. மெத்தை போடுகிறவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, எடுக்கச் சொன்னது யார் என்பதைச் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஒரு காலையில் நடிகர் கார் அனுப்பினார். உட்கார்ந்த வேலை ஏதாவது தருவார் என்று நம்பி, மனைவி வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். நடிகர் கூடத்தின் ஒரு முனையைக் காட்டி, அங்கிருந்து இங்கே வரை நடக்கச் சொன்னார். அடுத்த படத்தில் அவர் கால் ஊனமான தகப்பன்.

பதினோரு நாள் இவர் முன்னால் நடந்தார், நடிகர் பின்னால் நடந்து பழகினார். மாடிப்படி ஏறச் சொன்னார், இறங்கச் சொன்னார். வலி அதிகமான நாளில்தான் நடை எடுப்பாக வருகிறது என்று உதவியாளர்களிடம் சொல்லி மகிழ்ந்தார்.

கடைசி நாள் இவர் படியிலேயே நின்றுவிட்டார்.

"மெத்தைய எடுக்கச் சொன்னது நீங்கதானா, அண்ணே?"

"எடுக்கலேன்னா அந்த ஷாட் கெடச்சிருக்குமா?" என்றார் நடிகர். பிறகு கண்ணை இடுக்கிப் பார்த்தார். "கோபம் வந்தா உனக்கு எடது தோள் தூக்குது பாரு. இதுவரைக்கும் நான் கவனிக்கல. அத இன்னொரு தரம் செய்."

இவர் செய்தார்.

அந்தப் படத்துக்கு நடிகர் வாங்காத விருதில்லை. மனைவியும் இவரும் ஒரு மத்தியானக் காட்சிக்குப் போனார்கள். திரையில் தகப்பன் மகனிடம் கோபப்பட்டு இடது தோளைத் தூக்கியதும், தியேட்டரே மூக்கைச் சிந்தியது. மனைவி இவர் பக்கம் திரும்பினாள்.

"என்கிட்ட சண்ட போடறப்ப நீங்க செய்றதுல்ல இது? இதயும் குடுத்துட்டு வந்தீங்களா?"

"கேட்டார்" என்றார்.



அவள் தைக்கும் சட்டைக் கம்பெனியில், காலில் விழாத குறையாகக் கெஞ்சி இவருக்கும் ஓர் இடம் வாங்கினாள். பொத்தான்களை நிறம் பிரித்துப் போட வேண்டும். முதல் நாள், தண்ணீர் குடிக்க இவர் எழுந்து குழாய்வரை நடந்தார். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அச்சு அசலாக அந்த நடிகர் மாதிரியே நடக்கிறாரே என்று யாரோ சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். இன்னொரு தடவை நடக்கச் சொன்னார் மேஸ்திரி. மனைவி தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டிருந்தாள். தன் இடத்துக்குத் திரும்ப இவருக்கு வேறு வழியில்லை. நடந்தார்.