பாபநாசத்தில் சோலார் மோட்டார் ஓடும்போது

பாபநாசம் தாண்டி, டயர் பஞ்சராகிப் பேருந்து நிற்கிறது. பக்கத்து வயலில் கூட்டம். இறங்கிப் போகிறேன். நாற்றங்கால் காய்ந்து வெடித்திருக்கிறது. குத்தகை விவசாயி மல்லிகாவின் புது சோலார் மோட்டார் இன்றுதான் ஓட வேண்டும். இரு நாட்டுக் கூட்டுத் திட்டத்தில் அதைப் பொருத்த வந்த கென்யப் பொறியாளர் கிரேஸ், மேகத்தையே முறைக்கிறார்.

"டீசல் இன்ஜினையே கொண்டாந்துடவா?" என்கிறார் மல்லிகாவின் கணவர்.

"செத்த பொறுங்க. அந்தப் பொண்ணு அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்கு" என்கிறார் மல்லிகா.

மேகம் விலகுகிறது. குழாய் இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டுகிறது. கிரேஸ் ஷூவோடு வாய்க்காலில் குதிக்கிறார். மல்லிகா சிரித்தபடி என்னிடம் சொல்கிறார்: "அந்தப் பொண்ண அறுப்புக்கு வரச் சொல்லுங்க. புது அரிசியில சோறு போடுறேன்."

ஆங்கிலத்தில் சொல்கிறேன். தன் அம்மாவையும் அழைத்து வரலாமா என்று கேட்கிறார் கிரேஸ். அதை மல்லிகாவிடம் தமிழில் சொல்கிறேன்.

"ஊரையே கூட்டிட்டு வரட்டும்!"